பூச்சியின் சரியான பெயரும் அதற்கான ஆய்வுக் கட்டுரையும்: எங்கே, எப்படித் தேடுவது?

கேள்வி இதுதான். தொடக்கக் கல்லூரித் திட்டப்பணிக்காகப் புக்கிட் தீமா பக்கமும் வீட்டு புளோக்கைச் சுற்றியும் எறும்பு, கொசு, வண்டு என்று படம் எடுத்து வைத்திருக்கிறீர்கள். பெயர் தேடினால் ஒரே பூச்சிக்கு இரண்டு மூன்று பெயர் வருகிறது. எதை எழுதுவது, அதற்கு ஆதாரமான ஆய்வுக் கட்டுரைகளைக் காசு கொடுக்காமல் எங்கே படிப்பது?

முதலில் ஒன்று. பூச்சியின் இன்றைய பெயரைப் பொதுத் தேடுபொறியில் போட்டு ஆரம்பிக்காதீர்கள். எறும்புக்கு எறும்பு, வெட்டுக்கிளிக்கு வெட்டுக்கிளி என்று ஒவ்வொரு குழுவுக்கும் நிபுணர்கள் பராமரிக்கும் பெயர்ப்பட்டியல் இருக்கிறது. அங்கே தொடங்கி, அந்தப் பெயர் முதன்முதலில் அச்சான ஆண்டையும் பக்கத்தையும் கண்டுபிடியுங்கள். அந்தப் பக்கம் கையில் இருந்தால், பின்னால் எத்தனை பேர் பேரினத்தை மாற்றியிருந்தாலும் உங்களுக்கு வழி தவறாது. அது இல்லாமல் எத்தனை கட்டுரை சேர்த்தாலும், எல்லாம் ஒரே பூச்சியைத்தான் பேசுகின்றனவா என்பது தெரியாமலே போகும்.

பெயர்களை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். தேடும்போது லத்தீன் எழுத்தில் போட வேண்டும். உச்சரிப்பை வைத்து எழுத்துக்கூட்ட முயலாமல், பட்டியலிலிருந்து நகலெடுத்து ஒட்டுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டை முழுதாகப் பார்த்துவிடலாம். மாமரத்து இலைகளைச் சேர்த்துப் பின்னிக் கூடு கட்டும் செந்நிற எறும்பு, தமிழில் முசுறு, மலாயில் கெரெங்கா. இன்றைய பெயர் ஈகோஃபில்லா ஸ்மரக்டினா. பெயருக்குப் பின்னால் ‘(ஃபாப்ரிசியஸ், 1775)’ என்று அடைப்புக்குறிக்குள் வரும். அந்த அடைப்புக்குறி அலங்காரத்துக்கு இல்லை. ஃபாப்ரிசியஸ் என்ற 18ஆம் நூற்றாண்டுப் பூச்சியியலாளர் இந்தச் சிற்றினத்துக்குப் பெயர் வைத்தபோது வேறு பேரினத்தில் வைத்தார் என்று அது சொல்கிறது. அடைப்புக்குறி இல்லாவிட்டால், முதலில் வைத்த பேரினத்திலேயே பூச்சி இன்றும் இருக்கிறது என்று பொருள். சிங்கப்பூரின் தேசிய வண்ணத்துப்பூச்சியாக 2015இல் தேர்வான பாக்லியோப்டா அரிஸ்டோலோக்கியேவுக்கும் இதே ஃபாப்ரிசியஸ், இதே 1775, இதே அடைப்புக்குறி. அதை அவர் அன்று பாப்பிலியோ பேரினத்தில் வைத்திருந்தார்.

எறும்புக்கு வருவோம். எறும்புகளின் பெயர்ப்பட்டியலான ஆன்ட்கேட் தளத்தில் ஸ்மரக்டினாவைத் தேடினால், ‘ஃபார்மிகா ஸ்மரக்டினா ஃபாப்ரிசியஸ், 1775: 828’ என்ற வரி கிடைக்கும். முக்காற்புள்ளிக்குப் பின் உள்ள எண் பக்க எண். அதாவது முதல் பேரினம் ஃபார்மிகா, நூல் ஃபாப்ரிசியஸின் ‘சிஸ்டமா என்டோமோலோஜியே’, பக்கம் 828. ஈகோஃபில்லா என்ற பேரினத்தை ஃபிரெடரிக் ஸ்மித் 1860இல்தான் உருவாக்கினார். ஆகவே ஈகோஃபில்லா என்று மட்டும் தேடுகிறவருக்கு அதற்கு முந்தைய 85 ஆண்டு எழுத்தில் ஒன்றும் அகப்படாது. ஸ்மரக்டினாவை ஃபார்மிகாவோடும் ஈகோஃபில்லாவோடும் தனித்தனியாகத் தேட வேண்டும்.

பழைய நூல்களைத் திறக்கும் இடம் பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி. 6 கோடிப் பக்கங்களுக்கு மேல் இலவசமாக வைத்திருக்கிறார்கள். இங்கே மூன்று இடத்தில் ஆட்கள் தடுக்கி விழுகிறார்கள். ஒன்று, அச்சிட்ட பக்க எண்ணும் ஸ்கேன் பட எண்ணும் ஒன்றல்ல. முன்னுரைப் பக்கங்களும் தனிப் படத்தாள்களும் கணக்கில் சேர்வதால் பிடிஎஃப் கோப்பில் 828ஆம் படத்துக்குத் தாவினால் வேறெங்கோ போய் நிற்பீர்கள். தளத்தின் பக்கப் பட்டியலில் அச்சு எண்ணைப் பார்த்துப் போங்கள். இரண்டு, அங்குள்ள பெயர்த் தேடல் கணினி படித்துக்கொண்ட எழுத்தை நம்பியிருக்கிறது. 18ஆம் நூற்றாண்டு அச்சில் நீண்ட ‘எஸ்’ எழுத்து ‘எஃப்’ போலவே இருக்கும், கணினியும் அப்படியே படித்துவைக்கும். ஈகோஃபில்லாவின் தொடக்கத்தில் ‘ஓ’, ‘ஈ’ என்ற இரண்டு ஆங்கில எழுத்தும் ஒட்டி அச்சாகியிருந்தால், அதைக் கணினி ‘சி’, ‘ஈ’ என்று படித்திருக்கும். பெயர் அந்தப் பக்கத்தில் இருந்தும் தேடலில் வராததற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். மூன்று, பேரினத்தை முதல் எழுத்தாகச் சுருக்கி அச்சிட்ட பக்கங்களும் தப்பிவிடும். ஆகவே தேடலில் வரவில்லை என்றால் இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். ஆண்டு, தொகுதி, பக்கம் தெரிந்தால் நேரே போய்ப் புரட்டுங்கள்.

அடுத்து, ஒத்த பெயர்ப் பட்டியலை, அதாவது ஒரே பூச்சிக்கு இதுவரை வழங்கிய பெயர்களின் பட்டியலை, படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். ஒரு குழுவை முழுதாகத் திரும்ப ஆராய்ந்து எழுதும் மறுஆய்வுக் கட்டுரைகளில் ஒவ்வொரு சிற்றினத்தின் தலைப்பிலும் பத்திருபது வரி பொடி எழுத்தில் இருக்கும். மாணவர்கள் பெரும்பாலும் இதைத் தாண்டிவிடுகிறார்கள். கட்டுரையிலேயே அதிகம் விஷயமுள்ள பகுதி அதுதான். ‘ஃபார்மிகா ஸ்மரக்டினா ஃபாப்ரிசியஸ், 1775’ என்று பெயரும் ஆசிரியரும் இடையில் குறியில்லாமல் வந்தால், அவர் அந்தப் பெயரை வைத்தவர். ‘ஃபார்மிகா ஸ்மரக்டினா: ஸ்மித், 1857’ என்று நடுவில் முக்காற்புள்ளியோ கோடோ வந்தால், ஸ்மித் அந்தப் பெயரைப் பிற்பாடு பயன்படுத்தினார் என்றுதான் பொருள். இந்த ஒரு புள்ளியைக் கவனிக்காமல் விட்டால், இல்லாத ஒரு பெயரை நீங்களே உருவாக்கிவிடுவீர்கள். ‘நெக்’ என்ற லத்தீன் சொல் வந்தால் ‘அவருடையது அல்ல’ என்று பொருள்: பின்னால் வந்தவர் தவறான பூச்சிக்கு அந்தப் பெயரைச் சொல்லியிருக்கிறார். ‘ஆக்ட்.’ என்றால் பல ஆசிரியர்கள் அந்தத் தவறைச் செய்திருக்கிறார்கள். ‘பார்டிம்’ என்றால் அவர் ஒரே பெயரில் சொன்னவற்றுள் ஒரு பகுதி மட்டுமே இது. ‘நெக்’, ‘ஆக்ட்.’ என்று குறித்த கட்டுரைகளிலிருந்து பரவல், உணவு, கூடு போன்ற தகவலை உங்கள் பூச்சியின் கணக்கில் எழுதக் கூடாது. அவை வேறொரு பூச்சியைப் பற்றியவை.

பேரினத்துக்கும் சிற்றினத்துக்கும் நடுவில் அடைப்புக்குறிக்குள் பெரிய எழுத்தில் ஒரு சொல் வந்தால் அது துணைப்பேரினம். இங்கே மரப்பட்டைகளில் அடிக்கடி காணும், முதுகில் முள்ளுள்ள பாலிராக்கிஸ் எறும்புகளுக்கு இது தவறாமல் வரும். அதை ஆசிரியர் பெயர் என்று நினைத்துவிடாதீர்கள். எறும்பிலேயே இன்னொரு தொல்லை: 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எமெரி, ஃபோரெல், சான்ட்ஷி போன்ற எறும்பு வகைப்பாட்டாளர்கள் பேரினம், சிற்றினம், துணைச்சிற்றினம், அதற்கும் கீழே ‘வேர்.’ (வகைத்திரிபு) என்று நான்கடுக்குப் பெயர் வைத்தார்கள். அந்த நான்காவது அடுக்கை விலங்குப் பெயரிடல் விதிமுறை பெயராகவே ஏற்பதில்லை. யாராவது பின்னால் அதை உயர்த்தி ஏற்றிருந்தால் ஒழிய அதற்கு உயிரில்லை. ஆன்ட்கேட் இவற்றைத் தனியாகக் குறித்துவைத்திருப்பதால் அதிகம் குழம்ப வேண்டாம்.

இனி எந்தக் குழுவுக்கு எங்கே போவது. எறும்புக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். பெயருக்கு ஆன்ட்கேட், படத்துக்கு ஆன்ட்வெப், திறவுகோலுக்கும் (படிப்படியாகக் கேள்வி கேட்டுப் பெயருக்குக் கொண்டுபோகும் அட்டவணை) வாழ்முறைக்கும் ஆன்ட்விக்கி. ஆன்ட்வெப்பில் பல மூலமாதிரிகளின் (பெயர் வைக்க ஆதாரமாக நிர்ணயித்த மாதிரிகள்) தலை, பக்கவாட்டு, மேல்தோற்றம் மூன்றும் லேபிளோடு சேர்த்துப் படமாக இருக்கும். வெட்டுக்கிளி, கும்பிடுபூச்சி, குச்சிப்பூச்சி, கரப்பான் ஆகியவற்றுக்கு ஸ்பீசீஸ் ஃபைல் தளங்கள் இதே தரம். தேனீக்கு டிஸ்கவர் லைஃப், ஒட்டுண்ணிக் குளவிகளில் கால்சிட் கூட்டத்துக்கு யுனிவர்சல் கால்சிடாய்டியா டேட்டாபேஸ், தத்துப்பூச்சிக்கு ஃப்ளோ, ஈ, கொசு வகைக்கு சிஸ்டமா டிப்டெரோரம். கறையானுக்கு 2013இல் அமெரிக்க இயற்கை வரலாற்று அரும்பொருளகம் வெளியிட்ட ஏழு தொகுதி உலகக் கறையான் நூல் முழுதும் இலவசம். அந்துப்பூச்சிக்கு லண்டன் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தின் லெப்இன்டெக்ஸ் இருக்கிறது. ஆனால் அது பழைய அட்டைகளைக் கணினியில் ஏற்றியது, பிந்தைய மாற்றங்கள் பல அதில் இல்லை. சிங்கப்பூர் அந்துப்பூச்சிக்கு ஹாலோவேயின் போர்னியோ அந்துப்பூச்சித் தொகுதிகள், அவற்றின் இணைய வடிவம், இரண்டும் கைகொடுக்கும். இங்கே பறப்பவற்றில் கணிசமானவை அங்கேயும் உண்டு. வண்டுதான் பாவம். முழு வரிசைக்கும் ஒரே நம்பகமான பட்டியல் கிடையாது. நீள்கொம்பு வண்டுக்கு டைட்டன் என்று குடும்பம் குடும்பமாகத்தான் தேட வேண்டும்.

பேரினப் பெயர் மட்டும் தெரிந்து குழு தெரியாத நேரத்தில் ‘நோமன்கிளேட்டர் ஸூலோஜிகஸ்’ உதவும். 1758 முதல் வந்த விலங்குப் பேரினப் பெயர்களை, வைத்தவர், ஆண்டு, வெளியீடு, குழு ஆகியவற்றோடு தருகிறது. 1758 முதல் 1850 வரையிலான சிற்றினப் பெயர்களுக்கு ஷெர்பார்னின் ‘இன்டெக்ஸ் அனிமேலியம்’. இரண்டும் இணையத்தில் உண்டு. 1864 முதல் ஆண்டுவாரியாகக் கட்டுரைகளையும் புதுப் பெயர்களையும் தொகுக்கும் ‘ஸூலாஜிகல் ரெக்கார்ட்’டின் பழைய தொகுதிகளை ஹெரிடேஜ் லைப்ரரியிலேயே புரட்டலாம். புதியவை சந்தாவுக்குள் இருக்கின்றன.

ஜிபிஃப், கேட்டலாக் ஆஃப் லைஃப், ஐநேச்சுரலிஸ்ட் போன்ற பொதுத் தளங்களைக் குறை சொல்லவில்லை. வாசலாக அவை நல்லவை. ஆனால் அவை பிறருடைய பட்டியல்களை இணைத்துத் தருபவை. இணைக்கும்போது ஒரே பெயர் இரண்டு எழுத்துக்கூட்டலில் இரண்டு பூச்சியாக உட்கார்ந்திருப்பதும், ஒத்த பெயர் செல்லுபடியாகும் பெயராக நிற்பதும் சாதாரணம். கையில் நூறு பெயர் இருந்தால், குளோபல் நேம்ஸ் வெரிஃபையரில் மொத்தமாக ஒட்டி எழுத்துப்பிழைகளைச் சலித்துவிட்டு, சந்தேகமுள்ளவற்றை மட்டும் குழுப் பட்டியலில் சரிபாருங்கள். நேரம் மிச்சம். பேரினப் பெயரை மட்டும் போட்டுத் தேடும்போது இன்னொன்றும் நடக்கும்: தாவரப் பெயரிடலும் விலங்குப் பெயரிடலும் தனித்தனி விதிமுறை என்பதால் ஒரே பெயர் இரண்டிலும் இருக்கலாம். பியெரிஸ் என்று தேடினால் வெள்ளை வண்ணத்துப்பூச்சியும் வரும், தோட்டத்துப் புதரும் வரும்.

ஒரே பூச்சிக்கு இரண்டு பெயர் வருவதற்கு நம் ஊருக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு டெங்கிக் கொசு. ஏடிஸ் அல்போபிக்டஸ் என்று படித்திருப்பீர்கள். சில கட்டுரைகளில் ஸ்டெகோமியா அல்போபிக்டா என்று இருக்கும். 2004இல் ரைனெர்ட், ஹார்பக், கிட்சிங் மூவரும் ஏடிஸ் கூட்டத்தை மறுஆய்வு செய்து, ஸ்டெகோமியாவைத் தனிப் பேரினமாக உயர்த்தினார்கள். மருத்துவ இதழ்கள் பலவும் கொசு ஒழிப்புத் துறையினரும் அதை ஏற்கத் தயங்கினார்கள். 2015இல் வில்கர்சனும் உடனாசிரியர்களும் ஏடிஸை மீண்டும் பெரிய பேரினமாக வைக்க வாதாடினார்கள், பெரும்பாலோர் அதன் பக்கம் வந்துவிட்டார்கள். பூச்சி மாறவில்லை. இரு தரப்பும் விதிமுறையை மீறவுமில்லை. பேரினத்தின் எல்லையை எங்கே போடுவது என்பது வகைப்பாட்டாளரின் கருத்து, விதிமுறை அதில் தலையிடாது. உங்கள் அறிக்கையில் ஏடிஸ் என்று எழுதி, எந்த வகைப்பாட்டைப் பின்பற்றுகிறீர்கள் என்று ஒரு வரி சொன்னால் போதும். தேடும்போது மட்டும் இரண்டையும் போட வேண்டும். கூடவே கடைசி எழுத்துகளையும் கவனியுங்கள்: ஏடிஸ் ஆண்பால், ஸ்டெகோமியா பெண்பால், அதனால்தான் -பிக்டஸ், -பிக்டா. சொல்லின் வேர்ப்பகுதியை மட்டும் போட்டு, முடிவில் நட்சத்திரக் குறி ஏற்கும் தரவுத்தளமானால் அதைச் சேர்த்துத் தேடினால் இரண்டும் விழும். ஏடிஸ் எஜிப்டிக்கு இன்னும் பழைய வேடமும் உண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து மஞ்சள் காய்ச்சல் எழுத்துகளில் அது ஸ்டெகோமியா ஃபாசியாட்டா.

மேல்நிலைத் தலைப்புகளும் மாறியிருக்கின்றன. கறையான்கள் ஐசாப்டெரா என்ற தனி வரிசையாக இருந்தவை. 2007இல் வந்த மரபணு ஆய்வுக்குப் பிறகு கரப்பான்களோடு பிளாட்டோடியாவில் சேர்க்கப்பட்டுவிட்டன. நாவாய்ப்பூச்சிகளைப் பழைய பிரிட்டிஷ் இந்திய விலங்கின வரிசை நூல்களில் ரிங்கோட்டா என்ற தலைப்பில்தான் காண்பீர்கள். தும்பிகளை லின்னேயஸ் நியூரோப்டெராவில் வைத்தார். நாவாய்ப்பூச்சிகளில் லைகேயிடே என்ற குடும்பம் 1997இல் பலவாகப் பிரிந்தது. ஆகவே அதற்கு முந்தைய நூலில் ‘லைகேயிடே’ என்ற அத்தியாயத்துக்குள் இன்றைய பல குடும்பங்கள் இருக்கும். பழைய நூலின் உள்ளடக்கத்தைப் பார்த்து ‘என் குடும்பம் இதில் இல்லை’ என்று மூடிவிடாதீர்கள். பின்னட்டவணையில் பேரினப் பெயரைத் தேடுங்கள்.

சிங்கப்பூரைப் பொறுத்தவரை ஒரு வசதி. இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ் 1854 ஏப்ரலில் இங்கே வந்திறங்கி, புக்கிட் தீமாவில் சுமார் இரண்டு மாதத்தில் 700 வகை வண்டு சேர்த்ததாகவும், அவற்றில் 130 நீள்கொம்பு வண்டு என்றும் எழுதியிருக்கிறார். அவர் சேர்த்தவற்றை லண்டனில் ஆளுக்கொரு குழுவாகப் பிரித்து விவரித்தார்கள்: ஈக்களை வாக்கர், எறும்பு, குளவிகளை ஸ்மித், நீள்கொம்பு வண்டுகளைப் பாஸ்கோ. ஆகவே பல சிற்றினங்களுக்கு மூல இடமே, அதாவது மூலமாதிரி கிடைத்த இடமே, சிங்கப்பூர். வாக்கரின் விவரிப்புகள் அவசரமும் சுருக்கமுமானவை. அவற்றை மட்டும் படித்துப் பூச்சியை அடையாளம் காண முடியும் என்று நம்ப வேண்டாம், பின்னால் மூலமாதிரியைப் பார்த்து எழுதியவரின் கட்டுரை வேண்டும்.

ஆண்டுக் குழப்பம் இங்கேதான் அதிகம். ஸ்மித்தின் சரவாக், மவுன்ட் ஓஃபிர், சிங்கப்பூர்க் கட்டுரை லின்னேயன் சங்க இதழின் 2ஆம் தொகுதியில் வந்தது. தொகுதியின் தலைப்பேட்டில் 1858, ஆனால் அந்தப் பகுதி வெளியானது 1857 நவம்பரில். அதனால் ஒரே பெயருக்குச் சிலர் 1857 என்றும் சிலர் 1858 என்றும் எழுதுகிறார்கள். அல்போபிக்டஸுக்கு ஸ்கியூஸ் 1894, ஸ்கியூஸ் 1895 இரண்டும் காணக் கிடைப்பதும் இதே வகைச் சங்கடம். ஒரே பூச்சிக்கு வைத்த பெயர்களில் எதற்கு முன்னுரிமை என்பது ஆண்டை, சில சமயம் நாளைக்கூட, வைத்து முடிவாவதால் இது அற்ப விஷயமில்லை. குழுப் பட்டியல் தரும் ஆண்டைப் பின்பற்றுங்கள். ஆனால் தேடும்போது ஓராண்டு முன்பின் பாருங்கள்.

இதழ்ப் பெயர்களும் மாறும். நம்முடைய ‘ராஃபிள்ஸ் புல்லட்டின் ஆஃப் ஸூவாலஜி’ 1928இல் ‘புல்லட்டின் ஆஃப் தி ராஃபிள்ஸ் மியூசியம்’ என்று தொடங்கி, 1961 முதல் 1970 வரை தேசிய அரும்பொருளகத்தின் புல்லட்டினாக வந்து, 1971இல் இன்றைய பெயரை எடுத்தது. ‘ஸ்ட்ரெய்ட்ஸ் பிராஞ்ச்’ ஆசியச் சங்க இதழ் 1923இல் ‘மலாயன் பிராஞ்ச்’ ஆனது. ‘ஆன். மேக். நேட். ஹிஸ்ட். (7) 12’ என்று பார்த்தால், அடைப்புக்குறிக்குள் இருப்பது வரிசை எண், அடுத்ததுதான் தொகுதி. வரிசையைக் கவனிக்காமல் 12ஆம் தொகுதியைத் திறந்தால் ஐம்பது ஆண்டு தள்ளிப் போய்விடுவீர்கள். அந்த இதழே 1967 முதல் ‘ஜர்னல் ஆஃப் நேச்சுரல் ஹிஸ்டரி’.

உள்ளூர்ப் பதிவுகளுக்கு லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகம் வெளியிடும் ‘நேச்சர் இன் சிங்கப்பூர்’ 2008 முதலும், ‘சிங்கப்பூர் பயோடைவர்சிட்டி ரெக்கார்ட்ஸ்’ 2013 முதலும் வந்தவை. இரண்டும் இலவசம். பலர் தவறவிடுவது தாவர இதழை. சிங்கப்பூர்ப் பூமலையின் ‘கார்டன்ஸ் புல்லட்டின்’ 2018 சிறப்பிதழில் நீ சூன் சதுப்புக்காட்டு ஆய்வும், 2019 சிறப்பிதழில் புக்கிட் தீமா இயற்கைக் காப்பகத்தின் விரிவான ஆய்வும் பூச்சிகளோடு சேர்ந்தே இருக்கின்றன. செடி இதழ் என்று ஒதுக்கியவருக்குத் தம் திட்டப்பணிக்கு மிக அருகிலுள்ள கட்டுரையே கிடைக்காமல் போகும்.

ஜெர்மன் கட்டுரைகளுக்கு ஆஸ்திரியாவின் ஸோபோடாட், பிரெஞ்சுக்கு காலிகா, பசிபிக், தென்கிழக்காசியப் பூச்சிகளுக்கு பிஷப் மியூசியத்தின் ‘பசிபிக் இன்செக்ட்ஸ்’ தொகுதிகள், இவையெல்லாம் இலவசம். ஜெர்மன் ஆசிரியர் பெயர்களை இரண்டு விதமாகத் தேடுங்கள்: மேலே இரண்டு புள்ளியுள்ள ‘ஓ’ சில இடத்தில் ‘ஓஈ’ ஆகும், சில இடத்தில் புள்ளியில்லாத ‘ஓ’ ஆகும். புள்ளி போன ஃபர்ஸ்டரும் வேறொரு ஃபார்ஸ்டரும் கலந்துவிடுவார்கள். ஸ்மித் என்றால் முன்னெழுத்து இல்லாமல் பேச்சே இல்லை.

பழைய விவரிப்பைத் திறந்ததும் லத்தீனைக் கண்டு மலைக்க வேண்டாம், வரிகள் குறைவுதான். ‘லாங்.’ என்பது நீளம், ‘ஹாப்.’ என்பது வாழிடம். நீளம் ‘லின்.’ என்ற அளவில் இருக்கும். ஆங்கில லைன் ஓர் அங்குலத்தில் 12இல் ஒரு பங்கு, சுமார் 2.1 மி.மீ. ஆகவே 4 லைன் என்றால் ஏறக்குறைய 8.5 மி.மீ. பாரிஸ் லைன் சற்றுப் பெரிது, சுமார் 2.26 மி.மீ. செவ்வாய்க் குறி ஆண், சுக்கிரன் குறி பெண், எறும்பு நூல்களில் புதன் குறி வேலைக்கார எறும்பு. ‘இந்த். ஓர்.’ என்ற கிழக்கிந்தியக் குறிப்பை இன்றைய இந்தியா என்று எழுதிவிடாதீர்கள், தென்கிழக்காசியா முழுதும் அதில் அடங்கலாம்.

திறவுகோல்களில் நடக்கும் மோசமான தவறு ஒன்று உண்டு. திறவுகோல் எப்போதும் ஏதாவது ஒரு பெயரில் கொண்டுபோய் நிறுத்தும், உங்கள் பூச்சி அதில் இல்லாவிட்டாலும். பிங்காமின் 1903 எறும்பு நூல் பிரிட்டிஷ் இந்தியா, இலங்கை, பர்மாவுக்கு எழுதியது. மலாய்த் தீபகற்பத்துக்கு மட்டுமே உரியவை அதில் இருக்காது. பேரினம் வரை அதைப் பயன்படுத்தலாம், சிற்றினத்துக்கு நம்ப வேண்டாம். தாய்லந்துக் கொசுக்களுக்கு 2005 முதல் 2010 வரை பகுதி பகுதியாக வந்த படத் திறவுகோல்கள் சிங்கப்பூருக்கு நன்றாகவே பொருந்தும். திறவுகோல் ஒரு பெயரில் முடிந்ததும் வேலை முடியவில்லை. அந்தச் சிற்றினத்தின் விவரிப்பைத் தனியாக எடுத்து உங்கள் மாதிரியோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள், பரவலையும் பாருங்கள். அல்போபிக்டஸ் என்று வந்தால் மார்பின் மேல் நடுவில் ஒற்றை வெள்ளைக் கோடு இருக்க வேண்டும். யாழ் போன்ற வளைந்த வெள்ளைக் கோடுகள் தெரிந்தால் அது எஜிப்டி. செதில் உதிர்ந்த கொசுவில் இரண்டுமே தெரியாது, அதற்குப் பெயர் வைக்கப் போராடாதீர்கள்.

புதுப் பெயர் ஒன்று செல்லுமா என்று பார்க்க இரண்டு சோதனை போதும். 1999க்குப் பிறகு வைத்த சிற்றினப் பெயரானால், புதியது என்று கட்டுரை வெளிப்படையாகச் சொல்லி, மூலமாதிரி எது என்றும் நிர்ணயித்திருக்க வேண்டும். 2011க்குப் பின் மின்வடிவில் மட்டும் வந்ததானால், வெளியீடு ஸூபேங்க் என்ற விலங்குப் பெயர்ப் பதிவேட்டில் பதிவாகி, பதிவானதற்கான சான்று கட்டுரைக்குள்ளேயே இருக்க வேண்டும். பட்டப்படிப்பு ஆய்வேட்டில் மட்டும் வந்த புதுப் பெயரை எடுத்து எழுதாதீர்கள்.

மரபணு பார்கோடை நாடினால், போல்ட் தளத்தில் 658 கார இணை நீளமுள்ள சிஓஐ மரபணு வரிசையை ஒப்பிடலாம். ஆனால் அங்கே ஒட்டியிருக்கும் பெயர், மாதிரியை அனுப்பியவர் வைத்தது. 99 விழுக்காடு பொருந்தினாலும், எதிரே உள்ள மாதிரிக்கு யார் பெயர் வைத்தார்கள், படம் இருக்கிறதா, அதே கொத்தில் வேறு பெயர்களும் கலந்திருக்கின்றனவா என்று பார்க்காமல் ஏற்க வேண்டாம். உரையாடல் செயலிகள் கொடுக்கும் மேற்கோள் பட்டியலுக்கும் இதே எச்சரிக்கை: ஆசிரியர், இதழ், ஆண்டு எல்லாம் பொருத்தமாக இருந்து கட்டுரை மட்டும் இருக்காது. கட்டுரையின் நிலையான இணைய அடையாளமான டிஓஐ எண்ணைத் திறந்து பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சந்தாவுக்குள் அடைபட்ட கட்டுரைக்கு, அன்பேவால் என்ற உலாவி நீட்சி சட்டப்படியான இலவசப் பிரதி இருந்தால் காட்டும். ஸூகீஸ் முழுதும் திறந்தது, ஸூடாக்ஸா பாதிக்கு மேல் மூடியது. கட்டுரையின் முழு வரிகளும் வேண்டாம், சிற்றின விவரிப்பு மட்டும் போதும் என்றால் பிளாசியின் ட்ரீட்மென்ட்பேங்கில் அது தனியாகப் பிரித்து வைக்கப்பட்டிருக்கலாம். விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள லீ கோங் சியான் மேற்கோள் நூலகத்தில் மலாயா பற்றிய பழைய நூல்கள் உண்டு. எந்த மின்தரவுத்தளம் வீட்டிலிருந்து திறக்கும், எது நூலகத்துக்குள் மட்டும் என்பதை நூலகரிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.

இயற்கைக் காப்பகத்திலும் பூங்காவிலும் பூச்சியைப் பிடித்துச் சேர்க்கத் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி வேண்டும், பள்ளித் திட்டப்பணி என்பது விலக்கு ஆகாது. அனுமதியோடு சேர்த்த மாதிரியை உருவ ஆய்வுக்கு 70 முதல் 80 விழுக்காடு எத்தனாலிலும், மரபணுவுக்கு 95 விழுக்காட்டிலும் வையுங்கள். 95இல் எறும்பின் மூட்டுகள் விறைத்துக் கால் ஒடியும், ஆகவே முடிந்தால் இரண்டாகப் பிரித்துவிடுவது மேல். லேபிளைப் பென்சிலால் எழுதி உள்ளேயே போடுங்கள். பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும்.

இத்தனைக்கும் பிறகு சிற்றினம் உறுதியாகாவிட்டால் ‘பாலிராக்கிஸ் எஸ்பி. 1’ என்று எழுதி, அந்த எண் எந்த மாதிரியைக் குறிக்கிறது என்று அட்டவணையில் காட்டுங்கள். ஒரு சிற்றினத்தை ஒத்திருக்கிறது, ஆனால் முழுதும் பொருந்தவில்லை என்றால் நடுவில் ‘சிஎஃப்.’ போடுங்கள். நிபுணருக்கு எழுதும்போது ‘இது என்ன பூச்சி?’ என்று ஒரு படத்தை மட்டும் அனுப்பினால் பெரும்பாலும் பதில் வராது. தலையின் நேர்முகம், பக்கவாட்டு, மேல்தோற்றம் மூன்றும் அளவுகோலோடு, பிடித்த இடம், நாள், எந்தத் திறவுகோலில் எந்தப் படி வரை வந்து எங்கே சிக்கினீர்கள் என்பதையும் சேர்த்து அனுப்புங்கள். அவருடைய கட்டுரையின் பிடிஎஃப் வேண்டுமானால் அதே மின்னஞ்சலில் தலைப்பு, ஆண்டு, பக்கத்தோடு கேட்டுவிடுங்கள். வகைப்பாட்டாளர்கள் பொதுவாகத் தயங்காமல் அனுப்பிவைப்பார்கள்.